பொட்டு இல்லை, கோடு

பொட்டு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அப்படிச் சொல்கிற டிரைவரை நிறுத்திவைத்து, "அது பொட்டு இல்ல நைனா, கோடு" என்று திருத்துவார். டிரைவர் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, வண்டியை எடுக்கும்போது, "சரி மாஸ்டர், பொட்டு நல்லா வெச்சிட்ட இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போவான். பூந்தமல்லியில் அவர் மெக்கானிக் ஷெட் போட்டிருந்த வருஷங்களில் இந்தப் பேச்சை நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். இரண்டு தரப்பும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். பெட்ரோல் வண்டியைக் கேஸில் ஓடவைக்கிற கிட்டை மாட்டி, டியூன் பண்ணி முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பாட்டிலை எடுப்பார். பெண்கள் விரலுக்குப் போடுகிற சிவப்பு நகப்பாலிஷ். அதன் பிரஷ்ஷால், தான் திருகிவைத்த ஒவ்வொரு ஸ்க்ரூவின் மேலும் ஒரு இழுப்பு இழுப்பார். கோட்டின் ஒரு பாதி ஸ்க்ரூவின் தலையில் இருக்கும். மறு பாதி, அந்த ஸ்க்ரூ உட்கார்ந்திருக்கும் அலுமினிய உடம்பில் இருக்கும். பிறகு யாராவது அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி இன்னொரு பக்கமுமாகப் போய்விடும். கோடு உடையாத வரைக்கும் அந்த வண்டிக்கு அவர் பொறுப்பு. உடைந்துவிட்டால் அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால், அவர் சபைக்குப் போகிறவர். பூ, பொட்டு, நகை எதுவும் கூடாது என்கிற கிறிஸ்தவ சபை. அவர் மனைவியின் நெற்றி, கழுத்து, காது எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட மனுஷன் ஊரிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார் என்று டிரைவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பக்கத்துக் கடை, பேட்டரி கடை. சார்ஜ் போடுவது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, செத்துப்போன பேட்டரியை இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பது. நல்ல தொழில், வேடிக்கை பார்க்க நிறைய நேரம் கிடைக்கும்.

அவர் வந்தது அம்பத்தூரிலிருந்து. அங்கே எஸ்டேட்டில் ஒரு ஃபாக்டரியில், சாமான் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டிகள் என்பதால் புகை கூடாது, அதனால் அவை கேஸில் ஓடின. எண்பதுகள் முழுக்க அந்த வேலைதான். அது ஏன் போயிற்று என்று நான் கேட்டபோது, "கம்பெனிய மூட்டாங்கோ" என்பதோடு முடித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் வாடகைக் கார்களும் வேன்களும் பின்பக்கம் சமையல் சிலிண்டரைப் படுக்கவைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தன. சட்டப்படி செல்லாது. அது டிரைவருக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும், ரோட்டில் கைகாட்டி நிறுத்துகிறவருக்கும் தெரியும். வீட்டில் சாம்பாருக்கு என்று வாங்கிய கேஸ், வண்டியை ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வந்தது.

ஷெட்டுக்கு வந்த அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை, எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் சிமென்ட் தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டது. ஃபாக்டரியில் தரை முழுக்க இப்படித்தான் இருக்குமாம். ஆள் நடக்கிற இடம் தனி, வண்டி போகிற இடம் தனி.

"இன்னா மாஸ்டர், வந்ததும் எல்லை கட்றியா?" என்றேன்.

"உன் பேட்டரில கிளிப்பு எடுக்க சொல்லோ பொறி வரும். என் பக்கம் கேஸு கீது. கோட்டுக்கு இந்தாண்ட நீ கிளிப்ப எடுத்துகினு வராத."

"அந்தாண்ட?"

"அந்தாண்ட உன் இஷ்டம். நீயே பத்திகினு எரிஞ்சாலும் நான் இன்னான்னு கேக்க மாட்டேன்."

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் மாஸ்டர், கேஸுக்குக் கோடு தெரியுமா? அது இந்தாண்ட வந்துட்டா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலிருந்து, ஷெட்டைத் திறந்ததும் ஒரு ஈரக் கோணிப்பையைத் தரையோடு தரையாக வீசி வீசி, உள்ளேயிருந்து ரோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருவார். தரையில் குப்பை இருக்காது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, இறங்கித் தரையில் படுத்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினார். அது என் பக்கம் வந்துவிடாமல் ரோட்டுக்குத் தள்ளுகிறாராம். தன் பக்கத்திலிருந்து எதுவும் என் பக்கம் வரக்கூடாது, அது அவர் பொறுப்பு. அந்த விஷயத்தில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது.

டிரைவர்கள் எல்லோரும் ஒரே புகாரோடுதான் வருவார்கள். "கேஸு சரியில்ல மாஸ்டர்." காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, பிக்கப் இல்லை, மேட்டில் ஏறும்போது இருமுகிறது, எல்லாவற்றுக்கும் கேஸ்தான் காரணம். அவர் பதில் பேசாமல் முதலில் கேஸை மூடுவார். வண்டியைப் பெட்ரோலில் ஓடவிடுவார். பெட்ரோலிலும் அதே இருமல் வந்தால், பிளக்கைக் கழற்றி டிரைவரின் உள்ளங்கையில் வைப்பார்.

"நெருப்பே சரியா இல்ல. கேஸ இன்னாத்துக்குக் கொற சொல்ற?"

பெட்ரோலுக்குப் போதுகிற நெருப்பு கேஸுக்குப் போதாது. பிளக்கின் இடைவெளியைக் கொஞ்சம் குறைப்பார், நெருப்பு விழுகிற டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவார், விரிசல் விட்ட பிளக் ஒயரை மாற்றச் சொல்வார். ஏர் ஃபில்டரை எடுத்து வெளியே தட்டுவார். அதிலிருந்து கொட்டுகிற மண்ணைப் பார்த்து டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேஸைத் திறப்பார். பாதி வண்டிகள் அதற்குள்ளேயே சரியாகியிருக்கும். மீதிக்குத்தான் ஸ்க்ரூ.

ஸ்க்ரூவில் கை வைத்துவிட்டால் யாரும் பேசக்கூடாது. கொஞ்சம் திருகுவார், நிறுத்துவார், காதைக் கொடுப்பார், மறுபடி திருகுவார். கேஸ் கூடிப்போனால் இஞ்சின் கனத்துப்போய் இழுக்காது. குறைந்துபோனால் ஆபத்து. நெருப்பு இஞ்சினுக்குள் அடங்காமல், காற்று வருகிற குழாய் வழியாகத் திரும்பி வந்து வெடிக்கும். பேக் ஃபயர் என்பார்கள். டிரைவர்களுக்கோ கேஸை மிச்சம் பிடிக்க ஆசை. ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் மூடினால் சிலிண்டர் கூட ஒரு நாள் வரும் என்று ஒருத்தனுக்கொருத்தன் ஸ்டாண்டில் சொல்லிக்கொடுத்துக்கொள்வார்கள். அவர் கோடு போட்டது இதற்காகத்தான்.

கோடு உடைந்த வண்டி வந்தால் திட்ட மாட்டார், யார் கை வைத்தது என்றுகூடக் கேட்க மாட்டார். "இது என்து இல்ல" என்பார். டிரைவர் கெஞ்சிக் கூத்தாடினால், அது அதுவரை தான் பார்க்காத வண்டி என்கிற மாதிரி, பிளக்கிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பொறுமை எனக்கு வராது. நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒரு தடவை செம்பரம்பாக்கத்திலிருந்து என் கடை போனுக்கு ஒரு வாடகைக் கார் டிரைவர் கூப்பிட்டான். ஏரிக்கரையிலே கார் நின்றுவிட்டது, வேப்பரைசரில் ஐஸ் கட்டியிருக்கிறது, மாஸ்டரை வரச்சொல்லு என்றான். வேப்பரைசர் என்பது சிலிண்டரிலிருந்து திரவமாக வருகிற கேஸை ஆவியாக்கி இஞ்சினுக்கு அனுப்புகிற அலுமினியப் பெட்டி; அவர் கோடு போடுகிற கேஸ் ஸ்க்ரூவும் அதில்தான் இருக்கும். ஆவியாகும்போது அது குளிர்ந்துபோகும் என்பதால், ரேடியேட்டரின் சுடுதண்ணீரை ஒரு ரப்பர் குழாயில் அதற்குள் சுற்றவிட்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் வராவிட்டால் கத்திரி வெயிலிலும் அது வெள்ளையாக ஐஸ் கட்டிக்கொண்டு நிற்கும். எனக்கும் அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வேலை இருந்ததால் அவரோடு பஸ் ஏறினேன்.

நாங்கள் போனபோது டிரைவர் டீக்கடையில் வெந்நீர் கேட்டுக் கேட்டு வேப்பரைசர் மேல் ஊற்றிக்கொண்டிருந்தான். கடைசியாகக் கொடுத்த தண்ணீரில் டீக்கடைக்காரர் கோபத்தில் பழைய டீத்தூளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார் போலிருக்கிறது. பெட்டி முழுக்கத் தூள். மாஸ்டர் குனிந்து பார்த்தார். ரப்பர் குழாய் ஒரு இடத்தில் மடிந்து, தண்ணீர் போகிற வழி அடைத்திருந்தது. அந்தக் குழாயை அந்த வழியாகக் கொண்டுபோனது அவர்தான்.

"இது என்து," என்றார். டிரைவரிடம் மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை. ஆனால் குழாயை அறுத்து, வேறு வழியாகச் சுற்றிக் கொண்டுபோய், மடியாதபடி பட்டி போட்டு, வெயிலில் நின்று இஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டுக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டிரைவர் வாங்கிவந்த டீயைக் குடிக்கவில்லை. தன் தப்புக்கு வந்த இடத்தில் டீ குடிக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

நான் சும்மா நின்றுகொண்டிருந்தவன், காரின் முன்சக்கரத்தைப் பார்த்தேன். டயரில் நூல் தெரிந்தது.

"மாஸ்டர், டயரப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"அவன் கேஸுக்குத்தான் கூப்ட்டான். டயரு, டயர்காரன் சமாச்சாரம்."

நான் போய் டிரைவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதாண்ணா, ஓனருக்குச் சொல்லு" என்று அவன் சிரித்தான். ஆக, சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் மாஸ்டர் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் அவருடைய இந்தக் குணம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எங்கள் தெருவில், அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. தன் வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாத ஒரு மனுஷன் பக்கத்துக் கடையில் இருப்பது சுகம்.

நகப்பாலிஷ் வாங்குவது அவருக்குப் பெரிய பாடு. மார்க்கெட் தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல் பார்க்க வந்த பெண்களுக்கு நடுவில், கிரீஸ் படிந்த கையோடு போய் நிற்பார். ஒரு பழைய ஸ்க்ரூவையும் கையோடு கொண்டுபோவார். அதன் மேல் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். கடைக்காரப் பெண், "அக்காவுக்கா சார்?" என்று கேட்டால், "ஸ்க்ரூவுக்கு" என்பார். வளையல் கூட்டம் சிரிக்கும். ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் அவர் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் இருந்திருக்கிறார். மனைவி விரலில் நகப்பாலிஷ் கிடையாது, புருஷன் சிவப்பாகப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார் என்றால் அது யாருக்கு? ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் சபை முழுக்கப் போய்விட்டது.

பாஸ்டரே நேரில் வந்தார். கூட ஒரு பெரியவர். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஒரு பேட்டரியைத் துடைத்தபடியே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தேன்.

"பிரதர், உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது," என்று பாஸ்டர் ஆரம்பித்தார்.

மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்து பாட்டிலைத் தானே எடுத்து பாஸ்டரின் கையில் கொடுத்தார். நின்றிருந்த காரின் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். பாஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிரும்போது பானெட்டில் தலையை இடித்துக்கொண்டார், மறுபடி பார்த்தார்.

"இதுக்கு வேற பெயின்ட்டே இல்லையா பிரதர்?"

"கீது பாஸ்டர். காய நேரமாவும். காயறதுக்குள்ள எவனாவது கை வெச்சிட்டா, என்து எது, அவன்து எதுன்னு தெரியாம பூடும்."

பாஸ்டர் யோசித்தார். பிறகு அந்தக் காருக்காக ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போனார். அந்தக் கார் அதற்கப்புறம் ரொம்ப நாள் நன்றாக ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் மனைவிக்கு இந்தக் கதை தெரிந்து சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மதியம் சாப்பாட்டு டப்பா கொண்டுவரும்போது அந்த அம்மா என்னிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார். அன்றைக்குத்தான் சொன்னார்:

"ஊட்லகூட அப்டிதாண்ணா. கேஸ் அடுப்பு அவருது, ஸ்டவ் என்து. கேஸ் டியூபு பக்கம் நான் கை வெக்கக் கூடாது. மண்ணெண்ண வாங்க அவரு போவ மாட்டாரு. ஒரு வாட்டி ஜுரத்துல படுத்துகினு கீறேன். ரேஷன்ல மண்ணெண்ண ஊத்துறாங்கோன்னு பக்கத்தூட்டு அக்கா வந்து சொல்லுது. 'அவகிட்ட சொல்லுங்கோ'ன்றாரு. நான் கண்ணத் தொறக்க முடியாம கெடக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன், ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. அந்த அம்மா டப்பாவை வைத்துவிட்டுப் போன பிறகும் அது என்னவோ மாதிரி இருந்தது.

ஏழுமலை என்ற டிரைவரின் வேனுக்குக் கிட் மாட்டியதும் மாஸ்டர்தான். வேன் ஏழுமலையுடையது இல்லை. ஒரு ஓனருடையது, அவரிடம் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற வேன்கள் சில இருந்தன. ஏழுமலை நசரத்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி செல்வி அதே பள்ளிக்கூடத்தில் ஆயா. இரண்டு பெண் குழந்தைகள். ஏழுமலை கெட்டவன் இல்லை, கோபக்காரன். பேச்சு முடிவதற்குள் கை நீண்டுவிடும். ஸ்டாண்டில் அவனிடம் அறை வாங்காதவர்கள் குறைவு. அறைந்த பிறகு டீ வாங்கிக் கொடுப்பான் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓனர் ஒரு சிலிண்டர் இத்தனை நாள் வரவேண்டும் என்று கறாராக இருப்பார். அதற்கு முன்னால் தீர்ந்துவிட்டால், "ஊட்டுக்கு எடுத்துகினு போயிட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அந்தக் கேள்வியை ஏழுமலையால் தாங்க முடியாது.

அந்த மாதிரி வேன்களில் இஞ்சின் டிரைவர் உட்காரும் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். ஒரு நாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி வந்து ரோட்டு மேட்டில் ஏறும்போது பேக் ஃபயர் அடித்திருக்கிறது. கேஸ் போகிற குழாய் தெறித்துவிட்டது. சீட்டில் தீப்பிடித்துக்கொண்டது. ஏழுமலை குதித்தவன் ஓடிவிடவில்லை. பின்பக்கம் போய்ச் சிலிண்டரை மூடினான். பிறகு வந்து சீட்டைக் கையாலேயே அடித்து அணைக்கப் பார்த்தான். ரோட்டோரம் கிடந்த மணலை ஜனங்கள் வாரிக் கொட்டி அணைத்தார்கள். அவனுடைய இரண்டு கையும் ஒரு தொடையும் வெந்துபோய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் உள்ளே இருந்திருந்தால் என்று பேசாத ஆள் அன்றைக்கு ரோட்டில் இல்லை.

மத்தியானம் வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார்கள். ஓனர், ஸ்டாண்ட் டிரைவர்கள், பின்னால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த செல்வி. போலீஸுக்குப் போக யாருக்கும் தைரியமில்லை. சமையல் சிலிண்டர் எல்லோரையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்துவிடும். அதனால் தீர்ப்பு இங்கேதான். மாஸ்டர் தப்பு என்றால் ஆஸ்பத்திரி, வேன் எல்லாம் அவர் தலையில். ஷெட்டைக் காலி பண்ண வேண்டும். ஏழுமலைக்கு வேலை இருக்கும், கை ஆறும்வரை ஓனர் பார்த்துக்கொள்வார். ஏழுமலை தப்பு என்றால் அவனுக்கு ஒன்றும் கிடையாது. செல்வி அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள். ஒரு ஓரமாக, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா மாஸ்டரு, பொட்டு வெச்சிட்டா வண்டி உன் பொறுப்புன்னியே?" என்று ஓனர் கத்தினார். "பாரு, பொட்டு அப்டியே குந்திகினு கீது. இப்ப சொல்லு."

வேப்பரைசர் வண்டியின் முகப்புப் பக்கமாக, தீ எட்டாத இடத்தில் இருந்தது. லேசாகக் கரி மட்டும் படிந்திருந்தது. மாஸ்டர் பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அதைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். நாங்களும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். ஸ்க்ரூவின் தலையில், நட்டநடுவில், சிவப்பாக ஒரு பொட்டு. நெற்றியில் வைக்கிற மாதிரி, வட்டம் பிசகாமல், அழகாக.

"இது என்து இல்ல," என்றார். "நான் வெக்கறது கோடு. இங்க பாரு. ஒடம்புல கீற பாதி என்து. ஸ்க்ரூல கீற பாதி எங்க போச்சி? திரும்பி அந்தாண்ட பூட்ச்சி. கேஸக் கொறைக்கறதுக்குத் திருப்பிகீறான். திருப்பிட்டு மேல பொட்டு வெச்சிகீறான்."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஊரே பொட்டு பொட்டு என்று சொன்னதில், ஏழுமலை நிஜமாகவே பொட்டு வைத்துவிட்டான். மகளுடைய நகப்பாலிஷை எடுத்து, அக்கறையாக வைத்திருக்கிறான். அதை ஏன் போடுகிறார்கள் என்று அவன் ஒரு தடவையாவது யோசித்திருந்தால் ஒரு கோடு இழுத்திருப்பான், யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாஸ்டர் பிழைத்தார் என்று சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன்.

ஓனர் நொடியில் திரும்பிக்கொண்டார். "கேட்டுக்கினியாம்மா? உன் ஊட்டுக்காரன் பண்ண வேலை. இனிமே அந்தாளு என் வண்டி சாவியத் தொடக் கூடாது."

"சிலிண்டர் சீக்கிரம் காலியாவுதுன்னு நீங்கதானே சார் அவரத் திருடன்னு சொன்னீங்க," என்றாள் செல்வி.

"ஸ்க்ரூவத் திருப்புன்னு நான் சொன்னனா?"

டிரைவர்கள் ஒவ்வொருவராக நகர ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். யாரும் அவரை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காததற்கு வாய் திறக்காத மனுஷன் அவர். அன்றைக்குத் தானாகத் திறந்தார்.

"போன வாரமே பாத்தேன்," என்றார்.

ஓனர் நின்றார். "இன்னாத்த?"

"இந்தப் பொட்ட. ஸ்டாண்டு வழியா வந்துகினு இருந்தேன். ஏழுமல முன்பக்க மூடியத் தொறந்து வெச்சிகினு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திகினு இருந்தாரு. வட்டமா கீதேன்னு பாத்தேன். என் கோடு இல்ல, ஒடச்சிட்டாருன்னு தெரிஞ்சிது."

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஏன் பார்த்தாய் என்றா, ஏன் சொல்லவில்லை என்றா, இல்லை, ஜெயித்த பிறகு இதை ஏன் சொல்கிறாய் என்றா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அது பொய் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் அப்படித்தான்.

செல்வி அவர் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"திருப்பிகீறாருன்னு தெரியும். வெடிக்கும்னும் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"அந்த வண்டில புள்ளைங்கோ போவுதுன்னும் தெரியும்."

"தெரியும்."

"அப்பால ஏண்ணா ஒரு வார்த்த சொல்லல?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமாகச் சொல்கிற அந்த வார்த்தை, என்து இல்ல என்பது, நாக்கு நுனி வரை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பாரு?" என்றாள் செல்வி. "உன் வேலையப் பாத்துகினு போய்யான்னு கத்தியிருப்பாரு. ஓங்கி ஒண்ணு உட்டிருப்பாரு. அவ்ளோதானேண்ணா. வாங்கிகினு வந்திருக்கலாமே."

அவர் அவளைப் பார்த்தார்.

"வாங்கிகினு வந்திருக்கலாம்மா," என்றார்.